யார் ஓட்டி வந்தது?

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் வாயைத் திறந்ததால் வந்தது. மாதத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவன் நான். மீதி நேரம் புத்தகமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நாலில் ஒன்றை ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் செலவழித்தேன். எந்த வாக்கியம் என்பதை இப்போது சொல்லமாட்டேன். வெட்கமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "வயல்களுக்கு நடுவே அந்தச் சாலை ஒரு நீண்ட பெருமூச்சைப் போல..." வேண்டாம். சாலை மூச்சு விடாது.

இரண்டாம் தொடக்கம்: "வலிப்பு வந்தவர் ஆறு மாத காலம் வாகனம் ஓட்டத் தடை..." இது கதையில்லை, அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ். ஆனால் கதை அதற்குள்தான் இருக்கிறது.

பால்காரர் ஒருவருக்கு வலிப்பு வந்தது. ஒரே தடவை, அதுவும் சாப்பிட உட்கார்ந்தபோது. விதிக்கு அதெல்லாம் தெரியாது. ஆறு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. தொட்டால் உரிமம் அடியோடு போகும். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்து வருவது அவர் பிழைப்பு. திங்கட்கிழமைக்குள் உரிமம் உள்ள ஆள் வண்டியை எடுக்காவிட்டால் அந்தப் பண்ணைகள் வேறொருவருக்குப் போய்விடும் என்று பால் நிலையம் சொல்லிவிட்டது. ஆகவே அவர் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டு வெள்ளிக்கிழமை தேர்வுக்கு வந்திருந்தார். அதை விட்டால் அடுத்த தேர்வு ஒரு மாதம் கழித்து.

(காப்பீடு பற்றி ஓர் அடிக்குறிப்பு. ஏஜெண்ட் சொன்னது: "லைசென்ஸ் வந்தாத்தான் பாலிசியில பேரு." அலுவலகம் சொன்னது: "பாலிசியில பேரு இருந்தாத்தான் டெஸ்ட்டு." கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். அந்தம்மா ஏஜெண்ட் வீட்டு வாசலில் காலை முதல் மாலைவரை உட்கார்ந்து, ஒரு நாள் காப்பீடு ஒன்றை வாங்கிவிட்டார். அதில் ஒரு நிபந்தனை: பக்கத்தில் செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் இருக்க வேண்டும். தடையில் இருக்கும் கணவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.)

3

அந்த வட்டாரத்தில் எல்லோரும் தேர்வுக்குத் தாங்களே ஓட்டிக்கொண்டுதான் வருவார்கள். பேருந்து கிடையாது. நாற்பது கிலோமீட்டர் ஓட்டி வந்து, "ஓட்டத் தெரியுமா?" என்ற கேள்விக்கு வரிசையில் நிற்பார்கள். யார் ஓட்டி வந்தது என்று அதிகாரி கேட்கமாட்டார். இவர்களும் சொல்லமாட்டார்கள். ஊரே சேர்ந்து கட்டிக்காத்த மௌனம். அதிகாரிக்கு ஊரில் 'ஹேண்ட்பிரேக்' என்று பெயர். கேட்க ஆரம்பித்தால் விடமாட்டார்.

பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பால் கேன் அடுக்கிய பழைய கார் ஒன்று, இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரே வீச்சில் ரிவர்ஸில் வந்து நின்றதை ஜன்னல் வழியே பார்த்தேன். ஸ்டியரிங்கில் அந்தம்மா. பக்கத்தில் கணவர், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கிக்கொண்டு.

4

முதல் வரைவில் இந்த இடத்தில் "யாரோ ஒருவர்" பேசியதாக எழுதியிருந்தேன். அந்த யாரோ நான்தான்.

கணவரோடு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தம்மா எல்லாவற்றையும் சொன்னார். பேசாதவனிடம் எல்லோரும் பேசுவார்கள். அவர் சொல்லி முடித்ததும், மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, அதிகாரி கதவைத் திறந்த அதே நொடியில், உரக்கச் சொன்னேன்:

"ரிவர்ஸ்ல ஒரே தடவையில கொண்டாந்து நிறுத்திட்டீங்களேம்மா!"

ஹேண்ட்பிரேக் நின்றார்.

"யாரும்மா வண்டிய ஓட்டிட்டு வந்தது?"

"நிறுத்தினது மட்டும்தான் சார் நானு."

"அதுக்கு முன்னாடி நாப்பது கிலோமீட்டர்?"

கணவர் என்று சொன்னால் அவர் உரிமம் போகும். தான் என்று சொன்னால் தேர்வு போகும். அந்தம்மா என்னைக் காட்டினார்.

"இந்த அண்ணன்தான் சார்."

"வண்டியில ரெண்டு சீட்டுதானே இருக்கு? உங்க வீட்டுக்காரர் எதுல வந்தாரு, பால் கேன்லயா?"

"கேனுக்கு நடுவுல சார்," என்றார் கணவர். "குந்திக்கிட்டே வந்தேன். காத்தோட்டமா இருந்துச்சு."

"நீங்க சும்மா இருங்க, நான்தான் பேசுறேன்ல," என்று மனைவி பல்லைக் கடித்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களா ஓட்டிட்டு வந்தது?"

5

இன்னொன்றையும் உங்களிடம் மறைத்துவிட்டேன். நான் அங்கே போனது என் உரிமத்தைப் புதுப்பிக்க. அது காலாவதியாகி மூன்று நாள் ஆகியிருந்தது. என் விண்ணப்பம் அவர் மேசைத் தட்டில், எல்லாத் தாள்களுக்கும் அடியில் கிடந்தது. "ஆமாம்" என்று நான் சொன்னால் அது மேலே வந்துவிடும்.

(வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்பார்கள். இந்தக் கதையில் ஓணான் நான்.)

மௌனத்தை ஞானம் என்று நினைத்து இத்தனை வருடம் வளர்த்தவன் நான். அந்த அறையில்தான் அதற்கு வேறு பெயர் இருப்பது தெரிந்தது. அந்தப் பெயர்... வேண்டாம், அடித்துவிட்டேன்.

6

முடிவு அ: "ஆமாம்" என்கிறேன். என் தாள் மேலே வருகிறது. மூன்று பேரும் ஒரே கயிற்றில் மாட்டுகிறோம்.

முடிவு ஆ: "இல்லை" என்கிறேன். வாய்மை வெல்கிறது. திங்கட்கிழமை வேறொருவர் பால் எடுக்கப் போகிறார். வாய்மை அவருக்குக் கையசைத்து வழியனுப்புகிறது.

முடிவு இ: அதிகாரி மனமிரங்கி, கண் கலங்கி... நான் அவர் முகத்தைப் பார்த்தவன். அடித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். அந்தம்மா அருமையாக ஓட்டுகிறார். அந்த அறையில் யாருக்கும் சந்தேகமில்லாத ஒரே விஷயம் அதுதான். அதை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

7

இனி என்னால் ஆகாது. உங்கள் பர்ஸை எடுங்கள். உரிமத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். தாண்டியிருந்தால், இப்படி வந்து என் பக்கத்தில் உட்காருங்கள்; யாரையும் பாராட்டிவிடாதீர்கள். தாண்டவில்லை என்றால் எழுந்து நில்லுங்கள். "அந்தம்மா கை காட்டினது என்னைத்தான் சார்" என்று சொல்லிப் பாருங்கள். மீதியைக் கணவர் பார்த்துக்கொள்வார், கேன்களுக்கு நடுவில் குந்தியபடி.

கொஞ்சம் சீக்கிரம். அந்தம்மா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஹேண்ட்பிரேக் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.