முறை பார்த்துச் சேர்த்த ஜோடிகள்

மீன் பண்ணையில் என் கணவருக்குக் கல்யாணத் தரகர் என்று பெயர். அழிந்துகொண்டிருக்கும் ஓர் ஆற்று மீனைத் தொட்டியில் வளர்த்து, ஜோடி சேர்த்து, குஞ்சுகளை ஆற்றில் விடுவது அவர் வேலை. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு விடுவது என்று அவர் படும் பாடு, பெண்ணைப் பெற்றவர்கள்கூடப் பட மாட்டார்கள். மேலாற்றில் பிடித்த மீனுக்குக் கீழாற்று மீன்தான் துணை. "முறை தப்பக்கூடாது" என்பார்.

அப்படியும் போன பருவத்து முட்டைகள் வெளுத்துப் போயின. பொரிந்த கொஞ்சமும் முதுகு கோணிப் பிறந்தன. மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

பக்கத்துக் கட்டடத்து ஆய்வகத்தில் அந்த மீனுக்கு மரபணு மார்க்கர் தயாரிப்பவள் நான்.

"எது எதுக்குச் சொந்தம்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று தினமும் நச்சரிப்பார்.

மார்க்கர் ஒன்றும் மந்திரம் இல்லை. டிஎன்ஏவில் சில எழுத்துகள் திக்குவாய்போலத் திரும்பத் திரும்ப வரும். எவ்வளவு தூரம் திக்குகிறது என்பது மீனுக்கு மீன் மாறும். ஜெல் என்கிற கூழ்ப் பாளத்தில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டால் அது கோடாகத் தெரியும். தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. எல்லா மீனுக்கும் ஒரே கோடு காட்டும் மார்க்கர் யாரையும் பிரித்துச் சொல்லாது. அதைத் தூக்கிப் போடுவது எங்கள் தொழில் வழக்கம். அப்படிப் போட்டுப் போட்டே என் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எதை ஓட்டினாலும் ஒரே உயரத்தில் ஒரே கோடு. ரசாயனத்தைத் திட்டினேன். இயந்திரத்தின் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன்.

எங்கள் ஆய்வகத் தலைவி அதிகம் பேசாதவர். என் கத்தல் பொறுக்காமல் அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்துவந்தார். ஆறு நிறைய மீன் இருந்த காலத்தில் யாரோ வெட்டி ஸ்பிரிட்டில் போட்டு வைத்த துடுப்புத் துண்டுகள்.

"இதையும் சேத்து ஓட்டிப் பாரு" என்றார்.

ஓட்டினேன். பழைய மீன்களின் கோடுகள் மேலும் கீழுமாகப் படிக்கட்டுபோல நின்றன. நான் ஒதுக்கிய அதே மார்க்கர்கள்தான். கோளாறு அவற்றில் இல்லை. தொட்டி மீன்களிடம்தான் வித்தியாசம் என்று ஒன்று மிச்சமில்லை. பிடிக்கும்போதே ஆற்றில் எஞ்சியிருந்தது ஒரு குடும்பம்தான். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

பண்ணைக்குப் போனேன். வயிறு பருத்த பெண் மீன் தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஆண் மீனை வாளியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"என்ன, பொருத்தம் பாத்தாச்சா?"

"எல்லாம் ஒரு வயித்துப் பிள்ளைங்கங்க."

"மேலாத்துதா?"

"ரெண்டு பக்கமும்."

"ஆத்துல வேற தேடிப் பாத்தா?"

"வலையில ஒண்ணுகூட விழலையே. உங்களுக்குத் தெரியாததா?"

அவர் வாளியைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா நான் அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா..."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

"இன்னிக்கு இத விடட்டுமா, வேணாமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "விடுங்க. விடலைன்னா இதோட முடிஞ்சுது. விட்டா இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்" என்றேன்.

"இதுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார். முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, தொட்டியைப் பார்க்காமலேயே வாளியைச் சாய்த்தார்.