பதினான்காம் மாடியின் வெளிப்பக்கம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விளம்பரத்தில் பிறந்தது. ‘வருடம் முழுக்க வெயில்!’ என்று பாலைவன நகரம் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. வெயிலைக் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறதே என்று சிரிப்பு வந்தது. நகைச்சுவைக் கதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

‘நீச்சல் குளத்தைப் பார்த்ததும் அம்மா வாயைப் பிளந்து’—

இல்லை. இந்த அம்மா குளத்தைப் பார்க்கவே இல்லை. காரிலிருந்து இறங்கியதும் ஓட்டலின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். அவள் மகன் இந்தக் கட்டடத்தின் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கியபடி துடைத்தவன். போன கோடையில், பதினான்காம் மாடியிலிருந்து விழுந்து செத்தான். அதோடு என் நகைச்சுவை முடிந்தது.

2

(இவள்மேல் எனக்குச் சந்தேகம். எந்தத் தாய் அதே ஓட்டலில், அதே மாடியில் போய்த் தங்குவாள்? புதிதாகக் கல்யாணமாகி, கணவனோடு சேர்ந்து அவளை அழைத்து வந்த மகளும் இதையேதான் கேட்டாள்.)

“ஊர்ல வேற ஓட்டலே இல்லையாம்மா?”

“உங்கண்ணன் தொட்ட கண்ணாடியை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன்டி.”

முழுப் பொய். ‘கால் தவறிவிட்டது’ என்று வேலைக்கு வைத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் விழுவதற்கு முந்தின நாள் அவன் போனில், “முடியலம்மா, வந்துடறேன்” என்றான். “தங்கச்சி கல்யாணம் முடியட்டும். பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு” என்றாள் இவள். கால் தவறியதா, அவனே கையை விட்டானா? இது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகளிடம் இதைச் சொல்லவும் வாய் வரவில்லை.

3

மகளும் மருமகனும் குளத்துக்குப் போயிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கயிற்றில் ஓர் ஆள் இறங்கினார். நரைத்த மீசை. கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

“ஐயா, தண்ணி குடிக்கிறீங்களா?”

அங்கே ஜன்னல்கள் திறப்பதில்லை. அறையின் குளிர் வெளியே போய்விடுமாம். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

“என் பையன் எப்படி விழுந்தான்? நீங்க பாத்தீங்களா? சொல்லுங்கய்யா!”

அவர் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். அவள் உள்ளங்கை பதிந்த இடத்தை அழுக்கு என்று நினைத்து வெளிப்பக்கம் அழுத்தி அழுத்தித் துடைத்தார். பிறகு கீழ்மாடிக்கு இறங்கிவிட்டார்.

[இவர் எல்லாவற்றையும் பார்த்த சாட்சி என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். கோழைத்தனம். என் வேலையை அந்த மனிதர் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன்.]

4

முடிவு ஒன்று: வெயிலில் தலை சுற்றியது, கால் தவறியது. எழுதிக் காட்டினேன்.

“என் மனசு ஆறணும்னு சொல்றீங்க” என்றாள்.

முடிவு இரண்டு: அவன் ஒரு தடவை மேலே பார்த்தான், பிறகு அவனாகவே—

அடித்துவிட்டேன். அதை முடித்தால் இவளும் மிஞ்ச மாட்டாள்.

“எழுதறவரு நீங்க. உங்களுக்கே தெரியாதா?”

தெரியாது, அம்மா. சத்தியமாகத் தெரியாது. அவனைப் பிறக்க வைத்தேன், கயிற்றில் ஏற்றினேன். அந்த நிமிடத்தில் மட்டும் நான் அங்கே இல்லை.

5

மகள் ஈரத் தலையோடு கதவைத் தட்டுகிறாள். “அம்மா, சாப்பிடப் போலாமா?”

அம்மா எழுந்திருக்கவில்லை. என்னிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. இப்போது உங்களைப் பார்க்கிறாள். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னால் அது முடியவில்லை.