முப்பத்தொரு மூடிகள்

போன முறை அண்ணி தோற்றது மூடிகளால்தான்.

நாடக அரங்கில் ஒப்பனை உதவியாளர் வேலைக்கான தேர்வு அது. இருபது நிமிடத்தில் ஓர் இளம் முகத்தை எழுபது வயது முகமாக்க வேண்டும். முகத்தை நாமே கூட்டிப் போக வேண்டும். அண்ணி கூட்டிப் போன முகம் நான், அவளுடைய நாத்தனார். கண்ணை மூடி உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டதெல்லாம் கிர்ர், கிர்ர் என்று டப்பா திருகும் ஓசை. அவளிடம் முப்பத்தொரு ஐஷேடோக்கள், ஒவ்வொன்றும் தனி டப்பாவில், திருகு மூடியோடு. மணி அடித்தபோது என் வலது பாதிக்கு மட்டும் எழுபது வயதாகியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு குழந்தை என் இடது பக்கம் பார்த்துச் சிரித்தது, வலது பக்கம் பார்த்து அழுதது.

இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள், திங்கட்கிழமை காலை. அதோடு சரி, மூன்றாவது கிடையாது.

ஞாயிறு மதியம் என் தையல் அறையில் உட்கார்ந்தோம். நான் டெய்லர், அதனால் அண்ணிக்கு நான் ‘ஊசி’. என் வாயும் ஒரு காரணம் என்பாள். எல்லா நிறங்களையும் டப்பாவிலிருந்து எடுத்து, அடியில் காந்தம் உள்ள ஒரே பேலட் பெட்டியில் அடுக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை இரண்டு செங்கல்லுக்கு நடுவே தலைகீழாக நிறுத்தி, மேலே காகிதம் விரித்து, டப்பாவை வைத்தேன். முப்பது எண்ணினால் பிளாஸ்டிக் இளகும். தையல் பிரிக்கும் கத்தியை ஓரத்தில் நுழைத்து நெம்பினால், நிறம் தன் தகரக் கிண்ணத்தோடு எழும்பி வரும்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். “என்ன நாத்தம் இது? சமையலா?”

“ஆமா. உங்களுக்கும் ஒரு தட்டு வைக்கவா?” என்றாள் அண்ணி.

“எனக்குப் பசிக்கலப்பா.” ஆள் மறைந்துவிட்டான்.

இருபத்தேழாவது டப்பாவில் அண்ணி அவசரப்பட்டாள். கத்தி வழுக்கி நடுவில் இறங்கியது. புகைப் பழுப்பு, சுருக்கங்களின் நிழலுக்கு அவள் தொடும் ஒரே நிறம், தூளாகிப்போனது. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி இரண்டு வருடம்.

“போச்சு ஊசி. எல்லாம் போச்சு.”

“உடைஞ்சுதான இருக்கு, காணாமப் போகலையே. அழுது அதுல தண்ணி விடாதீங்க, தள்ளுங்க.”

தூளைக் கிண்ணத்திலேயே சேர்த்து, சில சொட்டு ஸ்பிரிட் விட்டுக் குழைத்தேன். ஒரு பெரிய கோட் பொத்தானைத் துணியில் சுற்றி அழுத்தினேன். எடுத்தபோது துணியின் நெசவு அதன்மேல் பதிந்திருந்தது, சின்ன ஜன்னல்கள் நிறைந்த ஊர் போல. அண்ணி விரலால் தொட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “முன்னைவிட அழகா இருக்குடி” என்றாள்.

தைத்து முடித்த தையலை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். பேலட் நிறைந்ததும் துணிக்குவியலுக்கு மேல் அதைக் கவிழ்த்தேன். ஆறு கிண்ணங்கள் பொத்தென்று விழுந்தன. நல்லவேளை, உடையவில்லை. அவை மட்டும் தகரம் இல்லை, அலுமினியம். காந்தம் அவற்றைச் சட்டையே செய்யவில்லை.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் பேண்ட் கொக்கி டப்பாவைப் பார்த்தேன். இரும்புக் கொக்கிகளாகப் பொறுக்கி, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, கிண்ணத்துக்கு ஒன்றாக அடியில் ஒட்டினேன். மறுபடி கவிழ்த்தோம். ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் காலை, அரங்கின் நாற்காலியில் கண்ணை மூடினேன். ‘டப்’ என்று ஒரே ஓசை, பேலட் திறந்தது. அப்புறம் தூரிகை மட்டும்தான். நெற்றி, கண்ணோரம், வாயோரம், இடது பக்கமும்கூட.

“முடிஞ்சது மேடம்.” மணி இன்னும் அடிக்கவில்லை.

தலைமை ஒப்பனையாளரின் செருப்பொலி நெருங்கியது. “வேலை சுத்தம். ஆனா காட்சி மாறும்போது இதைத் தூக்கிட்டு ஓடணும்மா. போன மாசம் ஒரு பொண்ணு இருட்டுல மொத்தத்தையும் என் கால்ல கொட்டிட்டா.”

அவர் பேலட்டைக் கவிழ்த்து உதறும் சத்தம் கேட்டது. ஒரு முறை, இரண்டு முறை, நன்றாக மூன்றாவது முறை. தரையில் எதுவும் விழவில்லை.

“இது என்னது, அடியில? பேண்ட் கொக்கியா?”

“எங்க நாத்தனார் டெய்லர், மேடம். இந்த முகம்தான்.”

அந்த அம்மாள் கடகடவென்று சிரித்தார். “பாட்டி, கண்ணைத் திறங்க. உங்க அண்ணி வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இங்க இருக்கணும். லேட் பண்ணாம அனுப்பி வைங்க.”

பஸ்ஸில் ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். நான் கொஞ்சமும் கூசாமல் முதுகை வளைத்து உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற அண்ணி, பையை அணைத்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பைக்குள் எதுவும் கலகலக்கவில்லை.