மெழுகு இளகும் வரை

முத்திரை அலுவலகத்தில் மெழுகு உருக்குகிறவன் நான், ஜோப் டவ்செட். இருபத்திரண்டு வருடமாக லண்டனில் எந்த அரசாணைக்கு முத்திரை விழுந்தாலும் அதற்கு என் விரல் வெந்திருக்கும். ஆனால் பதவி மிஸ்டர் ஃபேன்ஷாவுடையது. அப்பன் சொத்து மாதிரி வந்தது. அவர் தனக்குப் பதிலாக ஓர் ஆளை வைத்தார். அந்த மகராசன் தனக்குப் பதிலாக என்னை வைத்தான்.

போன மாதம் அரசுச் செலவைக் குறைக்க ஒரு சிக்கன விசாரணைக்குழு வந்தது. இந்த வேலையும் போய்விட்டால் ஐந்து பிள்ளைகளோடு எங்கே போவேன்? கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க பதவிக்கு சாஃப்வாக்ஸ்னு பேர் போட்டிருக்கே, அப்படின்னா என்ன?" என்றார் தலைவர் லார்ட் ஸ்டாண்டிஷ்.

"சாஃப்னா சூடாக்குறது, பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது. வாக்ஸ்னா நம்ம மெழுகு. மெழுகைச் சூடாக்குறவர்னு அர்த்தம், பிரபு."

இதைச் சொல்ல ஃபேன்ஷா ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். குழு பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டது.

"கடைசியா எப்போ சூடாக்கினீங்க?"

"நான் எதுக்குச் சூடாக்கணும்? பதவியில இருக்கேன்."

பதவியை ஒழித்துவிட்டார்கள். மனம் நொந்த ஃபேன்ஷாவுக்கு ஆயுள் முழுக்க முழுச் சம்பளம். எனக்கு என்ன என்று குழுவின் செயலரைக் கேட்டேன்.

"உன் பேர் எந்தப் பட்டியல்லயும் இல்லையேப்பா. இல்லாத ஆளுக்கு என்னத்தைக் கொடுக்குறது?" என்றார், ரொம்பக் கனிவாக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நிமிடமே, பதவியை ஒழிக்கும் அந்த ஆணையை என் மேசையில் வைத்தார். "இதுக்கு முத்திரை வைக்கணும். மெழுகை உருக்கு."

"பதவியைத்தான் எடுத்துட்டீங்களே, ஐயா."

"முத்திரை விழுந்தாத்தானே ஆணை செல்லும்? அதுவரைக்கும் பதவி இருக்கு. உன் வேலையும் இருக்கு. ஃபேன்ஷாவோட பென்ஷனும் இதுலதான் இருக்கு, சீக்கிரம் முடி."

மெழுகுச் சட்டியை அடுப்பின் மேல் வைத்தேன். கெட்டி மெழுகு, நேரமாகும் என்றேன். இன்றோடு பதினோரு நாள்.

ஃபேன்ஷா தினமும் வருகிறார். வாசலில் நின்றபடியே, "இன்னும் இளகலையா டவ்செட்?" என்கிறார்.

"இல்லீங்க."

பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார். அடுப்பில் நான் இன்னும் நெருப்பே வைக்கவில்லை.