மாப்பிள்ளைக்கும் இளநீர்

2024 ஜூன் 12, புதன்கிழமை காலை, மயிலாப்பூரில் டாக்டர் ஃபிர்தௌஸின் கிளினிக்கில் தாரணி என்ற இருபத்தாறு வயதுப் பெண் ஸ்கேனுக்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஸ்கேன் கேட்டது மாப்பிள்ளை வீடு. தி. நகரில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். ஜாதகம் பொருந்திவிட்டது, நிறம் பிடித்துவிட்டது. பெண்ணுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி இல்லை என்று தெரிந்துவிட்டால் ஆவணியில் கல்யாணம். இருந்தால் சம்பந்தம் இல்லை. பெண்ணின் அப்பா மாணிக்கவாசகம் போனிலேயே சரியென்று சொல்லிவிட்டார். தாரணிக்குச் சொன்னது மறுநாள். அவள் அம்மா, இந்தக் கண்ணராவியைப் பார்க்க நான் வரமாட்டேன் என்று அசோக் நகர் வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் தாய் சண்முகவடிவு மகன் அஸ்வினுடன் எதிரே அமர்ந்திருந்தார். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்ற பலகையைப் படித்து, நல்ல சட்டம், பெண் பாவம் பொல்லாதது என்றார். பிறகு மாணிக்கவாசகத்தின் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதிய. இப்பம் எல்லா வீட்லயும் கேக்காவ."

"அதுக்கென்ன மதினி," என்றார் மாணிக்கவாசகம்.

மாப்பிள்ளை வீட்டார் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. வெளியே போய் அஸ்வினுக்கு ஒரு இளநீர் வாங்கி வந்தார். டாக்டர் வயிற்றுவலிக்காரர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரமாயிற்று. இன்னொன்று வாங்கி வந்தார். அப்புறம் ஒரு பன்னீர் சோடா. பெண் வீட்டில் கொடுப்பதை வேண்டாமென்றால் பெண்ணையே வேண்டாமென்ற மாதிரி என்று அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை அஸ்வின். மறுக்காமல் குடித்தான். மூன்றாவது இளநீரோடு அவர் படியேறியபோது அவன் ஒரு காலின்மேல் மற்றொரு காலை இறுக்கிப் போட்டிருந்தான்.

தாரணியின் முறை வந்தது. டாக்டர் ஃபிர்தௌஸ் அவளிடம் என்ன தொந்தரவு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். பின்னே எதற்கு ஸ்கேன்? தாரணி கதவுப் பக்கம் கையைக் காட்டினாள். டாக்டர் எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"இங்க யாருக்கு ஸ்கேன் வேணும்?"

சண்முகவடிவு விளக்கினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நீர்க்கட்டி பல பெண்களுக்கு உண்டு, அவர்களில் பலர் பிள்ளையும் பெறுகிறார்கள் என்றார். இந்தப் பெண்ணே விரும்பினால் எடுக்கலாம், முடிவை அவளிடம் மட்டும்தான் சொல்வேன் என்றும் சொன்னார்.

"எடுத்துக்கிறேன் டாக்டர்," என்றாள் தாரணி. "இவரும் எடுக்கட்டும். வந்ததுலேருந்து இவரும்தான் குடிச்சிட்டிருக்காரு."

"ஆம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்குட்டி ஸ்கேனு?" என்றார் சண்முகவடிவு.

டாக்டர் அஸ்வினைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். வலது பக்கம் முதுகுவலி, கல்லாவில் உட்கார்ந்தே இருப்பதால் என்று நினைத்தேன் என்றான். வெகுநாளாக இருக்கிறதாம். அம்மாவுக்கே இது புதுச் செய்தி.

"எடுத்துரலாம் டாக்டர்," என்றான். "ஆனா எனக்கு மொதல்ல எடுத்துருங்க. தாங்க முடியல."

தாரணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ள வேண்டிய காரணம் அவளுக்கும் இருந்தது.

ஸ்கேன் முடிந்ததும் அஸ்வின் நேரே கழிப்பறைக்கு ஓடினான். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. யாரும் கேட்காமலேயே சொன்னான்: வலது சிறுநீரகத்தில் கல். பெரிய கல்லாம், அநேகமாக எடுக்க வேண்டியிருக்குமாம்.

மாணிக்கவாசகம் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்தார்.

"கல்லு யாருக்குத்தான் இல்ல?" என்றார் சண்முகவடிவு. "வாழத்தண்டுச் சாறு குடிச்சா கரைஞ்சிரும். இத யாருட்டயும் சொல்லாண்டாம், அண்ணாச்சி."

"அத்தை," என்றாள் தாரணி, "எனக்குக் கட்டி இருந்தா அதுவும் கரையும்னு விட்டுருவீங்களா?"

"அது வேற, இது வேறட்டி."

தாரணி அஸ்வினைப் பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழுந்து கழிப்பறைக்குப் போனாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் சண்முகவடிவு பதறி, இனிமேல் எப்படி ஸ்கேன் எடுப்பது என்று கேட்டார்.

வெளியே வந்த தாரணி துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கப்பா, போலாம்."

மாணிக்கவாசகம் மகளையும் சம்பந்தியாகவிருந்தவரையும் மாறி மாறிப் பார்த்தார். பழக்கம் விடவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே மதினி என்றார். பிறகு மகளுக்குப் பின்னால் படியிறங்கினார்.

பெண்ணுக்கு அடம் அதிகம் என்று மாப்பிள்ளை வீட்டார் தரகரிடம் சொல்லிச் சம்பந்தத்தை நிறுத்தினார்கள். ஜூலையில் அஸ்வினுக்குக் கல்லை அகற்றினார்கள். ஆவணியில் வேளச்சேரிப் பெண் ஒருத்தியோடு நிச்சயமாயிற்று. அதற்கு முன் வேறொரு கிளினிக்கில் அந்தப் பெண்ணுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். கல்லைப் பற்றி அவள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.