தணிகாசலத்தின் பேருக்கு அர்ச்சனை

சுங்கை பினாங்கில் குடியிருந்த செங்கமலத்தின் புருஷன் வேலை தேடி மேடானுக்குக் கப்பலேறி ஒன்றரை வருஷமாயிற்று. ஒரு கடிதம்கூட வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மன் கோயிலில் அவருக்காக அர்ச்சனை செய்வாள். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள். அதனால் பக்கத்து வீட்டு அஞ்சலையக்காதான் கூட வந்து குருக்களிடம் பேரைச் சொல்வாள்.

அந்த வாரம் அஞ்சலைக்குக் காய்ச்சல். செங்கமலம் தனியாகப் போய்த் தேங்காய்த் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?"

"வீட்டுக்காரருக்கு, சாமி. கார்த்திகை நட்சத்திரம்."

"பேரைச் சொல்லும்மா. பின்னால எல்லாரும் நிக்கிறாங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தணிகாசலம்" என்றாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. கூப்பிட்ட குரலுக்கு அவர் எங்கேயோ திரும்பிப் பார்ப்பது போலிருந்தது. பிரகாரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, காய்ச்சல் தேறிய அஞ்சலை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கோயிலுக்கு வாங்கக்கா. ஆனா பேரை நானே சொல்லிக்கிறேன்" என்றாள் செங்கமலம்.