நிறையாத மெஷின்

என் கணவரை எங்கள் குடியிருப்பில் எல்லாரும் பக்கெட்காரர் என்றுதான் சொல்வார்கள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷன். ஆனால் ஊருக்குத் தெரிந்தது பக்கெட்டுதான். துணி துவைக்கிற மெஷினின் கழிவுத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட அவருக்கு மனசே வராது. குளியலறையில் பக்கெட்டுகளை வரிசையாக வைத்துக் குழாயை மாற்றி மாற்றிப் பிடிப்பார். சோப்பு கலந்த முதல் தண்ணீர் கழிவறைக்கு. கடைசி அலசல் மாடிப்படி கழுவ.

இன்னொரு சட்டமும் உண்டு. மெஷின் நிறையாமல் ஓட்டக்கூடாது. கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தாலும் வீட்டையே சுற்றி வருவார். கதவில் தொங்குகிற துண்டு, மேஜை விரிப்பு, எது அகப்பட்டாலும் உள்ளே போகும். ஒருநாள் நான் போட்டிருந்த நைட்டியையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுங்களேன், ஒரேயடியா நிறைஞ்சிடும்" என்று கத்தினேன்.

அப்படிப்பட்டவர் போன மாதம் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

முந்தின நாள் அவர் கழற்றிப் போட்ட சட்டை கொடியில் கிடந்தது. கிரீஸும் வியர்வையும் கலந்த அந்த வாடைக்காக அவரை எத்தனை முறை திட்டியிருப்பேன்! இப்போது அந்தச் சட்டையைத் தலையணைக்கும் உறைக்கும் நடுவில் செருகி வைத்து, முகத்தைப் புதைத்துக்கொண்டுதான் தூங்கினேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

வீட்டில் நானும் மாமனாரும்தான். என் கணவரின் துணி இல்லாமல் மெஷின் நிறையவே மாட்டேன் என்றது. அழுக்குக்கூடையை எட்டிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தோம். மகனைப் பறிகொடுத்த மாமனார் என் முன்னால் அழுவதில்லை. ஏதாவது வேலை செய்துகொண்டே இருப்பார்.

பல் ஆஸ்பத்திரியில் எனக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. அன்றைக்கு வீடு திரும்பினேன். கொடி முழுக்கத் துணி. நடுவில் அந்தச் சட்டை, சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் மூக்கில் வைத்தேன். சோப்பு வாசனை. கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தேன், அக்குளில் தேடினேன். வெறும் சோப்பு.

"யாரைக் கேட்டு இதைப் போட்டீங்க?"

சமையலறையிலிருந்து மாமனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் இடம் இருந்துச்சும்மா. தலையணை உறையைக் கழட்டினேன். உள்ள சட்டை இருந்துச்சு. நீ மறந்து வச்சிட்டேன்னு..."

"அறிவு இருக்கா உங்களுக்கு? கொஞ்சம் காலியா ஓடினா குடியா முழுகிடும்?"

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். பெரியவர் என்று பார்க்கவில்லை.

"அவன்தானம்மா சொல்லுவான், நிறையாம ஓட்டாதீங்கப்பான்னு" என்றார். கடைசி வார்த்தையில் குரல் உடைந்து, முதல்முறையாக என் முன்னால் அழுதார்.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே பக்கெட்டுகள் என் கணவர் வைக்கிற அதே வரிசையில் இருந்தன. முதல் பக்கெட்டில் தண்ணீர் கலங்கி, கறுப்பாக இருந்தது. என் கணவரிடமிருந்து மிச்சம் இருந்ததெல்லாம் அதில்தான் இருந்தது. அதைக் கழிவறையில் ஊற்ற எனக்குக் கை வரவில்லை.

வெளியே வந்து, "அந்த முதல் பக்கெட்டைத் தொடாதீங்க மாமா" என்றேன். அவர் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து பக்கெட்டை மூடி வைத்தார்.

ஆனால் அது தண்ணீர்தானே. இரண்டு மூன்று நாளில் நாற ஆரம்பித்தது. மூடியைத் திறந்து குனிந்தேன். அது அவருடைய வாடை இல்லை, அழுகின தண்ணீரின் வாடை. அவர் இருந்திருந்தால், "இதுக்காடி சேத்து வச்சேன்?" என்று குதித்திருப்பார்.

கழிவறையில் ஊற்றினேன். கீழே சிந்தாமல், அவர் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினேன். மாமனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அழுக்குக்கூடையைத் திறந்தேன். அடியில் இரண்டு துண்டும் என் நைட்டியும் மட்டும் கிடந்தன. அலமாரியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து மாமனாரிடம் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கும்மா? அவனுதுன்னு நீ வச்சுக்கோ."

"போட்டுக்குங்க மாமா" என்றேன். "அழுக்கானாத்தானே மெஷின் நிறையும்."